மூண்டாம் ஆள் எப்பிடி இருக்கிறார்?

மூன்று வருடங்களுக்கு முன், பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பின்னேரம் மூன்று மணியளவில், கனடாவில், ஸ்காபரோவுக்குள்ளால் போகும் 401 நெடுஞ்சாலையில் ஒரு காருக்குள் நடந்தது இது. விபத்து எதுவும் இல்லை. அன்று பனிகூடப் பெய்யவில்லை. இரண்டு பேர் கதைத்துக்கொண்டு போனோம், அவ்வளவுதான். அந்தக் கதைக்குள் ஒரு கேள்வி கேட்க எனக்குச் சந்தர்ப்பம் வந்தது. நான் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இருக்கிறது.

காரை ஓட்டியவர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். இதை எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "பேரைப் போடாதையும், மற்றும்படி எழுதும்" என்றார். ஆகவே பேர் இல்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழை என் சுபாவத்தில்தான் தொடங்குகிறது. நான் குறை பிடிக்கிறவள். கலியாண வீட்டுக்குப் போனால் சோற்றில் உப்பு, மணமேடையில் பூ, பெண்ணின் சீலைக் கரை என்று எல்லாவற்றிலும் எனக்கு ஒரு சொட்டை இருக்கும். கோயிலில் ஞாயிறு பூசையில் பாதிரியாரின் பிரசங்கம் ஐந்து நிமிடம் நீண்டாலும் வீட்டுக்கு வந்து சொல்லுவேன். "முட்டையிலை மயிர் புடுங்கிறவள்" என்று அக்கா என்னைச் சொல்லுவாள். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்கும்.

நாற்பத்து மூன்று வயதில் நான் தாதியர் படிப்புக்குச் சேர்ந்தேன். கிழமை நாட்களில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை, சனிக்கிழமை வகுப்பு. ஆய்வுக் கட்டுரைகளை எப்படி வாசிப்பது என்று ஒரு பாடம் இருந்தது. வாசிப்பது என்றால் சும்மா வாசிப்பதில்லை. ஆய்வு செய்தவர் எங்கே பிழை விட்டிருக்கிறார், எதைக் கேட்க மறந்திருக்கிறார், எதைத் தன் வசதிக்கு ஏற்றபடி எழுதியிருக்கிறார் என்று தோண்டி எடுக்க வேண்டும். அதற்குப் புள்ளியும் தருவார்கள். வாழ்நாள் முழுக்க நான் இலவசமாகச் செய்த வேலைக்குப் புள்ளி தருகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

எங்கள் வீடு மல்வேர்னில். அங்கிருந்து வகுப்புக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். எங்களிடம் இருக்கிற ஒரே காரை என் கணவர் சனிக்கிழமை வேலைக்குக் கொண்டு போய்விடுவார். குளிருக்குள் பஸ்ஸுக்கு நிற்பதைப் பற்றி நான் அக்கா வீட்டுச் சமையலறையில் புறுபுறுத்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னாள், "இவர் வீட்டிலை சும்மாதானே இருக்கிறார், கொண்டுபோய் விடட்டுமன்." அத்தான் அப்போது அதே குசினியில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்து, "ஓம், அதுக்கென்ன" என்றார்.

அவர் சும்மா இருந்தது முந்தின கோடையில் இருந்துதான். இருபத்திரண்டு வருடம் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். கடைசியில் ஒரு பகுதிக்கே பொறுப்பாக இருந்தவர். அதை மூடிவிட்டார்கள். ஐம்பத்தாறு வயதில் வேறு வேலை தேடினார். கிடைக்கவில்லை. அக்கா வேலைக்குப் போனாள், பிள்ளைகள் படித்து முடித்து வேலையில் இருந்தார்கள், அஜக்ஸ் நகரில் இருந்த அவர்கள் வீட்டில் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் அத்தானுக்கும் ஒரு குறையும் இல்லை என்று நாங்கள் எல்லோரும் முடிவு செய்துகொண்டோம்.

ஜனவரியில் இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை எட்டு மணிக்கு எங்கள் வாசலில் வந்து நிற்பார். கொண்டுபோய் விடுவார், வகுப்பு முடிய வந்து ஏற்றுவார். இடையில் ஐந்து மணித்தியாலம் எங்கே போகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அஜின்கோர்ட்டில் கடைப் பக்கம் போய் ஆட்களைச் சந்திப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு இடமும் போகவில்லை, பள்ளிக் கார் தரிப்பிடத்திலேயே இருந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் படிப்புத் தவணையில் எனக்குத் தந்த கட்டுரை, தற்கொலை எண்ணத்தோடு வாழ்ந்த ஆண்கள் சிலரை நேரே சந்தித்து, அவர்கள் சொன்னதை வைத்து எழுதிய ஒரு பண்புசார் ஆய்வு. கணக்கு, வீதம் எதுவும் கிடையாது. அந்த ஆண்கள் தங்கள் வாயால் சொன்ன வார்த்தைகள்தான் அதற்கு ஆதாரம். பாரமான விஷயம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பாரமாக இருக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் இருந்த ஓட்டைகள். ஆய்வாளர் தான் யார், எந்தக் கண்ணோடு பார்க்கிறார் என்று சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஆட்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை ஒன்று மூன்றாவதாகப் பேசிய மனிதரின் பகுதியில் இருந்தது. அவர் தனக்குக் கனகாலமாகக் களைப்பாக இருக்கிறது, யாருக்கும் பாரமாக இருக்க விருப்பமில்லை என்ற மாதிரி ஏதோ சொல்லி நிறுத்துகிறார். கேள்வி கேட்டவர் அதைத் தோண்டவில்லை. அடுத்த வரியில் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்கிறார். நான் அந்த இடத்தில் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டேன்.

காரில் போகும்போது நான் எழுதுவதை அத்தானுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். அவருக்கு விளங்கினால் எனக்கு விளங்கியிருக்கிறது என்று அர்த்தம், அதுதான் என் கணக்கு. முதல் நாள், தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தபோது அதை நிறுத்திவிட்டு, "ம், சொல்லும்" என்றார். எங்கள் ஆட்கள் எதை நிறுத்தினாலும் மரண அறிவித்தலை நிறுத்த மாட்டார்கள். என் படிப்பில் இவருக்கு எவ்வளவு அக்கறை என்று எனக்குச் சந்தோஷமாகவும் புளுகமாகவும் இருந்தது.

மற்ற ஆண்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் ஆளைப் பற்றித்தான் கேட்டார். அவர் என்ன வேலை செய்தவர்? பிள்ளைகள் இருக்கினமோ? அதைச் சொன்ன பிறகு எழும்பிப் போனாரோ, இருந்தாரோ? எனக்கு எப்படித் தெரியும்? கட்டுரையில் இல்லாததைக் கேட்டால் நான் என்ன சொல்வது? ஒருநாள், "அந்தாள் இப்ப உயிரோடை இருக்கிறாரோ?" என்று கேட்டார். "அத்தான், உது ஆராய்ச்சி. உதிலை ஆளைப் பற்றிக் கவலைப்படக்கூடாது, முறையைத்தான் பாக்க வேணும்" என்று நான் பாடம் எடுத்தேன்.

பிறகு பிறகு அது ஒரு பகிடி மாதிரி வந்துவிட்டது. காலையில் கார்க் கதவைத் திறந்து நான் ஏறினால், "மூண்டாம் ஆள் எப்பிடி இருக்கிறார்?" என்றுதான் முதலில் கேட்பார். நானும் சிரித்துக்கொண்டு, "அவருக்கென்ன, என்ரை பைக்குள்ளை சுகமா இருக்கிறார்" என்பேன். இதை வேலையிடத்திலும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அக்காவிடம் தொலைபேசியில், அத்தானுக்கு என் படிப்பு நன்றாகப் பிடித்துவிட்டது என்று சொன்னேன். "நல்லது, அவருக்கும் பொழுது போகுதுதானே" என்றாள் அவள்.

இனி அந்த பெப்ரவரிச் சனிக்கிழமை. அன்று கட்டுரையைத் திருத்தித் தந்தார்கள். நூற்றுக்கு எண்பத்தெட்டு. வகுப்பில் அதுதான் கூடிய புள்ளி. ஆனால் எனக்கு அந்தப் பன்னிரண்டு எங்கே போனது என்பதுதான் பிரச்சினை. மூன்றாம் ஆளைப் பற்றி நான் எழுதிய பந்தியின் ஓரத்தில் ஆசிரியை ஒரு வரி எழுதியிருந்தார். நீங்கள் அந்த அறையில் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள், என்பதுதான் அந்த வரி. கீழே இரண்டு விரல் அகலத்துக்கு இடமும் விட்டிருந்தார்.

காரில் ஏறியதும் நான் வெடித்துக்கொண்டுதான் ஏறினேன். பிழை எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதானே என் வேலை, அந்த இடத்தில் நான் என்ன கேட்டிருப்பேன் என்பது எதற்கு என்று 401 வரைக்கும் கத்தினேன். அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஓட்டினார். பிறகு, மெதுவாக, "அப்ப நீர் என்ன கேட்டிருப்பீர்?" என்றார்.

"நான் எண்டால் சுத்தி வளைக்க மாட்டன். நேரை கேட்டிருப்பன், சாகிற எண்ணம் வருதோ எண்டு. உதுதானே புத்தகத்திலையும் இருக்கு. கேட்டால் ஆக்களுக்கு அந்த எண்ணம் கூடிப்போகாது, கேக்காட்டித்தான் பிழை."

முன்னால் ஒரு பார லொறி போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"எங்கை, என்னைக் கேளும் பாப்பம்."

நான் சிரித்தேன். என்னைப் பகிடி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். பகிடி இல்லையோ என்று ஒரு கணம் மனதில் பட்டது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் குரல் அவருடைய பகிடிக் குரல் இல்லை. ஆனால் அத்தானிடம் போய் அதை எப்படிக் கேட்பது? அக்காவின் கணவர், என் கலியாணத்தை முன்னின்று நடத்தியவர், எங்களைக் கனடாவுக்கு வரவேற்று ஆறு மாதம் வீட்டில் வைத்திருந்தவர். எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டு, அவர் ஓம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது. வாய் தானாகத் திறந்து, "சும்மா இருங்கோ அத்தான். நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ, எல்லாம் சரி வரும்" என்றது.

யோசியாதேங்கோ. எங்கள் ஊர்த் தமிழில் யோசனை என்றால் கவலை. யாருக்கு என்ன நடந்தாலும் நாங்கள் சொல்லுகிற முதல் வார்த்தையும் அதுதான், கடைசி வார்த்தையும் அதுதான். அன்பாகத்தான் சொல்லுகிறோம். ஆனால் அதைச் சொன்ன பிறகு எதிரில் இருக்கிறவர் தன் யோசனையைச் சொல்ல முடியாது. கதை அதோடு முடிந்துவிடும். ஆய்வாளர் வேலையைப் பற்றிக் கேட்டுக் கதையை மாற்றியதற்குச் சிவப்புக் கோடு போட்டவள், ஒரே சொல்லில் அதையே செய்தேன்.

"ஓம், ஓம்" என்றார் அவர். வானொலியைப் போட்டார்.

எங்கள் வாசலில் நிறுத்தி, நான் இறங்கும்போது சட்டைப் பையில் இருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துத் தந்தார். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தருகிற அறிவித்தல் தாளின் பின்பக்கத்தில், எங்கள் வீட்டில் இருந்து பள்ளிக்கு எந்த பஸ் எடுப்பது, எங்கே மாறுவது, சனிக்கிழமைகளில் எத்தனை மணிக்கு வரும் என்று தன் உருண்டை எழுத்தில் எழுதியிருந்தார். போகிற வழி, திரும்புகிற வழி, இரண்டும். "வைச்சிரும், தேவைப்படும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். இனிக் கூட்டிப் போகமாட்டேன் என்று சொல்லாமல் சொல்லுகிறார், அலுத்துவிட்டது போல, அதை வாயால் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். வழக்கமாக, "வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அத்தான்" என்று கூப்பிடுவேன். அன்று கூப்பிடவில்லை. கதவை அடித்துச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போனேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்காவுக்குத் தொலைபேசி எடுக்காமல் நீட்டுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை வேலையில் நிற்கும்போது அக்கா தொலைபேசி எடுத்தாள். அத்தான் ஆஸ்பத்திரியில். அழுதழுது, "ஆர் கேட்டாலும் பிரஷர் எண்டு சொல்லு" என்பதை மட்டும் மூன்று தரம் சொன்னாள். பிரஷருக்கு ஒருத்தி இப்படி அழமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு அப்படியே ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் இருந்துகொண்டுதான், தேவைப்படும் என்று அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்கியது.

நடந்தது இதுதான். அன்று காலை அவர் வீட்டுக்குத் திரும்பி வரும் எண்ணம் இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறார். வழியில் நெஞ்சு இறுகி மூச்சு முட்டுகிற மாதிரி வரவே, பழக்க தோஷத்தில் காரை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பியிருக்கிறார். சாக வெளிக்கிட்ட மனிதர் நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போனதை நினைத்துப் பிறகு அவரே சிரித்தார். அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் இருந்த தாதி ஒரு இளம் பெண். எங்கள் ஆள் இல்லை, இவரை முன்பின் தெரியாது. பேர், வயது, எந்த இடத்தில் நோகிறது, என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டவள், இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு எழுதுவதை நிறுத்தினாளாம். உயிரை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டாளாம். இவர் ஓம் என்றாராம். அவ்வளவுதான். அவள் எழுந்து வந்து பக்கத்திலேயே இருந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவரை ஒரு நிமிடம்கூடத் தனியே விடவில்லை.

ஏழு சனிக்கிழமைகள் நான் அந்த மனிதருக்குப் பக்கத்தில் இருந்தேன், போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். அவள் கேட்டது சந்தித்துச் சில நிமிடத்தில்.

இரண்டாம் நாள் மனநலப் பிரிவில் அவரைப் பார்க்க விட்டார்கள். ஆஸ்பத்திரிச் சட்டையோடு ஜன்னல் ஓரத்தில் இருந்தார். சவரம் செய்யாத முகத்தோடு நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. அக்கா அழுதுகொண்டு வெளியே போய்விட்டாள். அவள் பயம் எனக்குத் தெரியும். கோயிலில் தெரிந்தால் என்ன கதைப்பார்கள், பிள்ளைகளுக்கு என்ன சொல்வது, எல்லாம். எனக்கு என் பயம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது என்ன தெரியுமா? "ஒண்டும் யோசி..." பாதியில் கடித்து நிறுத்தினேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீர் எழுதினது சரிதான், மச்சாள்" என்றார். "அந்த மூண்டாம் ஆளை ஒருதரும் திருப்பிக் கேக்கேல்லை."

அவர் என்னைக் குத்துவதற்காக அதைச் சொல்லவில்லை. எனக்கு நல்ல புள்ளி கிடைத்ததை மெச்சுகிற மாதிரித்தான் சொன்னார். குத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். நன்றாக அழுது முடித்த பிறகு, கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு இருந்து, காரில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இப்பவும் அந்த எண்ணம் வருதோ அத்தான், என்றேன். அவர் பதில் சொன்னார். நேரம் முடிந்துவிட்டது என்று வந்து சொல்லும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். சும்மா இருப்பது என்ற சொல்லைப் பற்றி, கார் தரிப்பிடத்தில் இருந்த சனிக்கிழமைகளைப் பற்றி, இன்னும் பலதைப் பற்றி. மிச்சத்தை நான் எழுதமாட்டேன், அது அவருடையது.

அவர் தேறி வர நாட்கள் எடுத்தன. தமிழ் கதைக்கிற ஒரு உளவள ஆலோசகரிடம் போகிறார். மருந்து எடுக்கிறார். அக்கா பிரஷர் கதையை விட்டுவிட்டாள். தன் சகோதரிகளுக்கு அவளே உண்மையைச் சொன்னாள். என் ஆசிரியை, ஓரத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதித் தந்தால் புள்ளியைக் கூட்டலாம் என்றார். நான் கொடுக்கவில்லை. அந்த இரண்டு விரல் இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. கட்டுரையையும் பஸ் நேரம் எழுதிய தாளையும் ஒன்றாக மடித்து வைத்திருக்கிறேன். குறை பிடிக்கிற குணம் முற்றாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். போன மாதம்கூட ஒரு கலியாண வீட்டுப் பாயாசத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தேன்.

எனக்கு இன்னும் ஒரு தவணை படிப்பு இருக்கிறது. சனிக்கிழமைகளில் அத்தான்தான் கூட்டிப் போகிறார், கூட்டிப் போவேன் என்று அவரே அடம் பிடித்தார். இப்போது அவர் கேட்பதில்லை. கார்க் கதவைத் திறந்து ஏறியதும் நான்தான் கேட்கிறேன், "மூண்டாம் ஆள் எப்பிடி இருக்கிறார்?" என்று. சில நாட்களில், "பரவாயில்லை" என்பார். சில நாட்களில், "இண்டைக்கு அவ்வளவு சரியில்லை" என்பார். அப்படிச் சொல்லும் நாட்களில் நான் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு அடுத்த கேள்வியையும் கேட்கிறேன். அந்தப் பின்னேரத்து வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம், ஏனென்றால் அது இருக்கும்வரை நான் கேட்காமல் விடமாட்டேன்.